என் வெள்ளையடிப்பின் லட்சணம்

ஸ்பெயின் ராஜா நூற்றுமுப்பது கப்பல்களை எங்கள் மேல் ஏவிவிட்ட அதே வருஷத்தில், எங்கள் ஊர்க் கோயில் சுவரில் நான் அடித்த வெள்ளையும் பல்லிளித்தது. கப்பல்கள் தோற்ற கதையைச் சொல்ல நாடெங்கும் ஆள் இருக்கிறது. என் வெள்ளை தோற்ற கதையைச் சொல்ல நான்தான் இருக்கிறேன். ஊர்க்காரர்களும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சிரித்து முடித்துச் சொல்வதற்குள் பொழுது போய்விடும்.

என் பெயர் ஜெர்வஸ் காலப். போர்ட்லண்ட் முனைக்கு மேற்கே, கடலைப் பார்த்த ஒரு சின்ன ஊர். தொழில் வெள்ளையடிப்பது, காரை பூசுவது. அப்பாவும் அதே தொழில்தான். அவர் பூசிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. என் சுவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

என் வாழ்க்கையை அளந்து சொல்ல வேண்டுமென்றால் கோயிலின் வடக்குச் சுவரை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சுவரில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, அர்ச்சிஷ்ட கிறிஸ்தோபர் என்ற புனிதரின் படம் இருந்தது. இரண்டு ஆள் உயரம். தோளில் குழந்தை இயேசு, கையில் பெரிய தடி, காலடியில் ஆறு, ஆற்றில் மீன். காலையில் அவர் முகத்தைப் பார்த்தவன் அன்று சாக மாட்டான் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். கடலுக்குப் போகிறவர்கள் பூசைக்கு நிற்காவிட்டாலும் வாசலில் தலையை நீட்டி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படகேறுவார்கள்.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, போப்பை ஒதுக்கிவிட்டுப் புது வேதம் வந்தது. படங்களெல்லாம் விக்கிரகம், அழி என்று உத்தரவு. அப்பாவும் நானும் சாரம் கட்டி அர்ச்சிஷ்டர் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கை வெள்ளையடித்தோம். ஆறு வருஷத்தில் மூத்த ராணி பட்டத்துக்கு வந்தாள். பழைய வேதமே திரும்பி வந்தது. சுரண்டு என்றார்கள். அப்பா அதற்குள் போய்விட்டார், நான் தனியாகச் சுரண்டினேன். சுரண்டின வேகத்தில் அர்ச்சிஷ்டரின் மூக்கைப் பெயர்த்துவிட்டேன். யாருக்கும் தெரிவதற்குள் நானே ஒரு மூக்கு வரைந்து வைத்தேன். அது டர்னிப் கிழங்கு மாதிரி வந்தது. இன்னொரு ஐந்து வருஷத்தில் இளைய ராணி வந்தாள், மறுபடியும் புது வேதம், மறுபடியும் மூன்று கை வெள்ளை. டர்னிப் மூக்கு மறைந்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. மதம் மாறியதால் இந்த ராஜ்யத்தில் நிம்மதி அடைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நான் எந்த வேதம் என்று கேட்காதீர்கள். அடி என்றால் அடிப்பேன், சுரண்டு என்றால் சுரண்டுவேன். தைரியம் என்பது என் பரம்பரையிலேயே கிடையாது. என் பெண்டாட்டி தாமசின் அப்படியில்லை. வெள்ளையடித்து முப்பது வருஷம் ஆன பிறகும், கோயிலில் நுழைந்ததும் அவள் கண் அந்த வெற்றுச் சுவரில் ஒரு நிமிஷம் நிற்கும். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுடையது என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரே ஒருத்தன் கவனித்தான், சக்கரி பியூக்ளர். கோயில் மணியக்காரன். புது வேதத்தில் அப்படி ஒரு பிடிப்பு அவனுக்கு. மூத்த ராணி காலத்துப் பூசையில் தூபக்கால் ஆட்டிய பத்து வயதுப் பொடியன் இவனேதான், ஆனால் அதை ஞாபகப்படுத்தினால் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிடும்.

அந்த வருஷம் வசந்தத்தில் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. எங்கள் ஒரே பிள்ளை ஆம்புரோஸை ராணியின் கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்துநாலு வயது. என்னைவிட நன்றாகக் காரை பூசுவான். அது பெரிய புகழ்ச்சி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அவன் போன நாலாம் நாள் பாதிரியார் கிளாவெல் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஜெர்வஸ், ஸ்பெயின்காரன் வரப்போறான். கோயில்ல பழசோட நிழல்கூட இருக்கக்கூடாது. வடக்குச் சுவர் மங்கிக் கெடக்கு. ரெண்டு கை புதுசா அடிச்சிரு."

"சரிங்கய்யா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தாமசின் பார்லி ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"முகத்தை மட்டும் விட்ருங்க."

"என்னது?"

"முகம் இருக்கிற எடத்துல பழைய வெள்ளையைச் சுரண்டிட்டு, ஒரே ஒரு கை, தண்ணியா அடிங்க. நான் காலையில கூட்டப் போறப்ப ஈரத்துணியைக் கம்புல கட்டித் தொடைச்சா தெரியும். காய்ஞ்சா மறைஞ்சிரும். யாருக்குத் தெரியப் போகுது?"

முப்பது வருஷம் என் கூடவே குடித்தனம் பண்ணி என் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்! மெல்லிய சுண்ணாம்பு நனைந்தால் கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும், காய்ந்தால் வெளுத்துவிடும். வெள்ளையடிக்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது.

"உனக்குப் பைத்தியமா? இந்த வருஷம் போய்! போப்புக்காரன்னு சந்தேகம் வந்தாலே புடிச்சு டார்செஸ்டர் ஜெயில்ல போடறான். நம்ம ரெண்டு பேர் கழுத்தும் போயிரும்."

"நம்ம கழுத்து போனா போகட்டும். அவன் கழுத்து?"

"சரி, அந்த முகத்தைப் பாக்கப் போறது நீ. கப்பல்ல இருக்கறது அவன். அர்ச்சிஷ்டரு கணக்கு எப்பிடி மாறும்?"

"என் வயித்துல கெடந்தவன்தானே. நான் பாத்தா அவன் பாத்த மாதிரிதான். அதெல்லாம் அவருக்குப் புரியும். உங்களுக்குத்தான் எதுவும் புரியாது."

நான் மாட்டேன் என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் சாரத்தில் ஏறி, முகம் இருந்த இடத்தில் பழைய பூச்சைச் சுரண்டி, பசை சேர்க்காமல், கொழுப்பு சேர்க்காமல், மோர் மாதிரி தண்ணீராக ஒரு கை அடித்துவிட்டு இறங்கினேன்.  மணியக்காரன் சக்கரி வந்து சுவரைப் பார்த்தான்.

"என்னய்யா காலப், இந்தத் தடவை ஒழுங்கா அடிச்சிருக்கியே. யாராவது உதவி பண்ணாங்களா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் தாமசின் துடைப்பத்தோடு போவாள், ஈரத்துணியால் ஒரு துடை, முகம் வரும், பார்ப்பாள், சுவர் காய்வதற்குள் கூட்டி முடித்துவிட்டுத் திரும்புவாள். "இன்னிக்கு இருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். நான் ஒவ்வொரு நாளும் சக்கரி வந்து கதவைத் தட்டுவான் என்று எதிர்பார்த்துக் கஞ்சி குடித்தேன்.

ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, போர்ட்லண்ட் முனைக்கு எதிரே சண்டை நடந்தது. ஊர் முழுக்க மேட்டில் ஏறிவிட்டது. சிலர் பாலாடைக்கட்டியும் பீர் ஜாடியும் கொண்டுவந்திருந்தார்கள், சந்தை பார்க்க வந்த மாதிரி. கடல் முழுக்கப் புகை. எது நம் கப்பல், எது அவன் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. சக்கரி மட்டும் ஒவ்வொரு பாயையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தான், பாதி பொய்.  தாமசின் மேட்டுக்கு வரவில்லை. அன்று அவள் கோயிலை மூன்று தடவை கூட்டினாள்.

காற்று கப்பல்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. பிறகு செய்தி வந்தது, ஸ்பெயின்காரன் வடக்கே ஓடிவிட்டான், புயலில் சிக்கிச் சிதறிவிட்டான் என்று. மணி அடித்தார்கள், நெருப்பு மூட்டினார்கள். ஆனால் ஆம்புரோஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. ஜெயித்துத் திரும்பிய நம் கப்பல்களில் காய்ச்சல் புகுந்து மாலுமிகள் கிழக்கே கெண்ட் துறைமுகத் தெருக்களில் விழுந்து சாகிறார்கள் என்று ஒரு வண்டிக்காரன் சொன்னான். அதை நான் தாமசினிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அவளும் என்னிடம் சொல்லவில்லை.

நவம்பரில் ராணியின் உத்தரவு வந்தது. நாடெங்கும் ஒரே நாளில் வெற்றிக்கு நன்றி ஆராதனை. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்.

இங்கேதான் என் மூளையின் அழகைச் சொல்ல வேண்டும். ஈரம் பட்டால் அந்த முகம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாளாக மழை கொட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். ஆனால் நனைந்த கம்பளியோடு இருநூறு பேரைக் கோயிலுக்குள் அடைத்து, கதவைச் சாத்தி, பாதிரியாரை இரண்டு மணி நேரம் பேசவிட்டால் சுவர் வேர்க்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷம் சுவர்களோடு வாழ்ந்தவன்! ஆள் மூச்சு பட்டுக் குளிர்சுவர் வேர்ப்பதை ஆயிரம் தடவை பார்த்தவன்!

பாதிரியார் மேடையில் நின்று விக்கிரகங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். கர்த்தர் ஊதினார், ஸ்பெயின்காரனும் அவன் மரச்சாமிகளும் கடலுக்கடியில் போனார்கள் என்று சொன்னபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கொல்லன் காட்ஃப்ரி மெதுவாகக் கழுத்தை இடது பக்கம் திருப்பினான். அவன் பெண்டாட்டி திருப்பினாள். ஒரு வரிசை முழுக்கத் திரும்பியது. நானும் பார்த்தேன்.

முதலில் மூக்கு வந்தது. என் டர்னிப் மூக்கு. வெள்ளைச் சுவரில் அது மட்டும் தனியாக, சிவப்பாக. பிறகு ஒரு கண். அப்புறம் இன்னொரு கண், தாடி, நெற்றி. உடம்பும் இல்லை, கையும் இல்லை. பெரிய தலை மட்டும் சுவரில் மிதந்துகொண்டு எங்கள் நன்றி ஆராதனையைப் பார்த்தது.

 ரொட்டி சுடுகிற விதவை சிபிலின் கை சிலுவை போடத் தானாக நெற்றிக்குப் போனது. பாதி வழியில் ஞாபகம் வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். சக்கரியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் வலது முழங்கால் மடங்கியது. தூபக்கால் ஆட்டிய முழங்கால் அல்லவா! மடங்கின முழங்காலை மறைக்கத்தான் அப்படிக் கத்தினான் என்று நினைக்கிறேன்.

"ஐயா! சுவரு! சுவரைப் பாருங்க!"

பாதிரியார் பார்த்தார். அவர் கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன.

"யார் வேலை இது?"

 கேட்க என்ன இருக்கிறது, ஊரில் வெள்ளையடிக்கிறவன் ஒருத்தன்தான். எழுந்து நின்றேன். தாமசின் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்கய்யா அடிச்சேன்."

"வேணும்னு செஞ்சியா?"

அவ்வளவுதான் கேள்வி. ஆம் என்றால் கழுத்து. என் கழுத்து, அதற்குப் பிறகு அவள் கழுத்து. இல்லை என்று சொல்லலாம், ஆனால் என் முகத்தில் பொய் நிற்காது. வாயைத் திறந்தேன். 

அப்போது காட்ஃப்ரி எழுந்தான்.

"ஐயா, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. இவனுக்கு வேணும்னு ஒரு காரியம் செய்யத் தெரியாதுங்க. என் பட்டறைச் சுவரு பூசினான். மூணே வாரம். மொத்தமா வந்து என் கழுதை மேல விழுந்துச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிபில் எழுந்தாள்.

"என் அடுப்புக்குக் காரை போட்டாரு இந்த மனுஷன். நாலு மாசம் ரொட்டியில சுண்ணாம்பு வந்துச்சு. நீங்ககூட வாங்கிச் சாப்ட்டீங்களே ஐயா, வயிறு சரியில்லன்னு சொன்னீங்களே, அப்பதான்."

"எங்க வீட்டுக் கூரையை..." என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன்.

"எங்க அப்பா கல்லறையில இவன் பூசின பூச்சு, ஐயா, அவரு பேரே மறைஞ்சுபோச்சு!" என்று இன்னொருத்தன்.

ஒருத்தர் உட்கார ஒருத்தர் எழுந்தார்கள். கோழிக்கூண்டு வரைக்கும் வந்துவிட்டார்கள். என் மானம் கப்பலேறி, ஸ்பெயினையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் என்னைக் காப்பாற்றத்தான் பேசினார்களா, அல்லது சந்தர்ப்பம் கிடைத்ததென்று முப்பது வருஷமாக மனதில் இருந்ததைக் கொட்டினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கழுதை விஷயத்தில் காட்ஃப்ரியின் குரலில் இருந்தது நடிப்பில்லை, அது மட்டும் நிச்சயம்.

பாதிரியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் வீட்டுக் கூடத்தில் நான் பூசிய மச்சுக் காரை விருந்தாளிகள் முன்னால் புட்டிங்கில் விழுந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஆமா," என்றார். "ஆமா. உட்காரு காலப். சுவர் காஞ்சதும் வேற யாரையாவது வெச்சு அடிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு படகுப் பாய்த்துணியத் தொங்கவிடுங்க."

இப்படித்தான் நான் பிழைத்தேன். வேறு எவனாவது இப்படிக் கையாலாகாதவன் என்று பட்டம் வாங்கி உயிர் பிழைத்திருந்தால் அவனுக்கு என் வணக்கம்.

தாமசின் பாய்த்துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம் வாசலில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. ஆம்புரோஸ். எலும்பும் தோலுமாக, தாடியோடு. தாமசின் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் ஓவென்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பன்றிக்கறியும் கஞ்சியும் தின்றுகொண்டே சொன்னான்.

"குண்டு பட்டுச் செத்தது எங்க கப்பல்ல மூணு பேர்தாம்மா. காய்ச்சல்லதான் பாதிப் பேர் போயிட்டாங்க. ராத்திரி என்கூடப் பேசிக்கிட்டே படுத்தவன் காலையில வெறச்சுக் கெடப்பான். நான் மட்டும் தெனமும் காலையில எந்திரிச்சேன். ஏன்னே தெரியல."

தாமசின் என்னைப் பார்த்தாள். நான் கஞ்சியைப் பார்த்தேன்.

"எங்க கப்பல் போதகர் ஒருத்தர் இருந்தாரு," என்றான் ஆம்புரோஸ். "அவருதான் சொன்னாரு, சுவிசேஷத்தோட தேவன் உன்னைக் காப்பாத்தி வெச்சிருக்காரு, பழைய குப்பையையெல்லாம் ஒழிக்கத்தான்னு. சத்தியமான வார்த்தைம்மா. நான் அங்கேயே அவருகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

தாமசின் அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள்.

மறுநாள் அவன் பீர்க்கடைக்குப் போய்விட்டு முகம் சிவக்கத் திரும்பினான். ஊர் முழுக்க அவனிடம் சொல்லியிருக்கிறது, கழுதை முதல் புட்டிங் வரை.

"ஏம்ப்பா, கோயில் சுவருல போய் இப்பிடியா? நன்றி ஆராதனை அன்னிக்கு அந்தப் போப்புக்காரன் சாமி எட்டிப் பாத்துச்சாமே! ஊரே சிரிக்குது. வேற எவனாவது வேணும்னு இதைச் செஞ்சிருந்தா, நானே இழுத்துட்டுப் போய் ஒப்படைச்சிருப்பேன். நீங்கன்றதால தலையைக் குனிஞ்சுட்டு வந்தேன்."

"வயசாச்சுடா," என்றேன்.

"சுவரை நான் அடிக்கறேன். பாதிரியாருகிட்டச் சொல்லிட்டேன். நம்ம பேரு கெட்டுக் கெடக்கு, நான் நிமித்தறேன்."

வாடைக்காற்று நாலு நாள் அடித்துச் சுவர் காய்ந்திருந்தது. அவன் சாரம் கட்டினான். சுண்ணாம்பில் தோல்பசையும் மாட்டுக்கொழுப்பும் சேர்க்கச் சொன்னான். தாமசின்தான் கலக்கிக் கொடுத்தாள். கட்டியில்லாமல், கெட்டியாக, அவள் ரொட்டி மாவுகூட அவ்வளவு பதமாக வந்ததில்லை. ஆம்புரோஸ் இருமிக்கொண்டே அடித்தான். முதல் கையில் தாடி போனது, இரண்டாவதில் கண் போனது, மூன்றாவதில் என் மூக்கு போனது. அப்பாவுடைய கை அவனுக்கு வந்திருக்கிறது. எனக்கு வராமல் என்னைத் தாண்டி அவனிடம் போயிருக்கிறது. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது.

சாரத்திலிருந்து குனிந்து கேட்டான்.

"அம்மா, உங்க கண்ணு கூர்மை. எதுனா தெரியுதா?"

தாமசின் அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு மேலே நின்ற அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலடா கண்ணு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பாக்கறேன். ஒண்ணுமே தெரியல."

அவன் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டான். எட்டு மாதமாக நான் பயந்து செத்தது, சுவரில் ஒரு கை குறைத்து அடித்ததெல்லாம் எதற்கு என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தாமசின் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"இப்பிடித்தாம்ப்பா அடிக்கணும். உங்களுக்கு ஏன் இது வரவே மாட்டேங்குது?"

"எனக்கு இந்த வேலை சரியா வந்ததே இல்லடா," என்றேன்.

அவன் என் தோளில் தட்டினான். "பரவால்லப்பா. இனிமே நான் பாத்துக்கறேன்."

முழங்கால் வலி என்று சொல்லி தாமசின் கோயில் கூட்டுகிற வேலையை விட்டுவிட்டாள். ஊரில் யார் வீட்டுச் சுவரானாலும் இப்போது ஆம்புரோஸைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் அவனுக்கு வாளி தூக்குகிறேன்.